பாதிக் கிணற்றுக்கு எத்தனை கேவிஏ?

போன வாரம் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணசரும் நேரத்தில் போன் அடித்தது. கடையிலிருந்து கௌசல்யா. நான் வேலையிலிருந்து நின்ற பிறகு என் நாற்காலிக்கு வந்திருக்கிற பெண். கெட்டிக்காரிதான். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் நேரம் காலம் பார்க்க மாட்டாள்.

ஒன்றரை ஹெச்.பி. கிணற்று மோட்டாருக்கு எத்தனை கேவிஏ சக்தியுள்ள ஜெனரேட்டர் சொல்லலாம் என்று கேட்டாள். வாங்க வந்தவர் எதிரில் நிற்கிறாராம். போனில் தேடினால் ஒரு இடத்தில் மூன்று என்கிறதாம், இன்னொரு இடத்தில் ஐந்து என்கிறதாம். மோட்டார் புதுசா, எரிந்துபோய்க் காயில் மாற்றிக் கட்டியதா என்று கேட்டேன். அவரிடம் கேட்டுச் சொன்னாள். எவ்வளவு ஆழத்தில் தொங்குகிறது என்றேன். அதையும் கேட்டுச் சொன்னாள். கிணறு யாருடையது என்றேன்.

"கிணறு யாருதா இருந்தா என்னக்கா? கரண்டு மோட்டாருக்குத்தானே?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூக்கமும் போயிற்று. ஐந்தே கொடு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, தனியாக உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தேன். சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு ஏன் அப்படிக் கேட்டேன் என்று விலாவாரியாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "இதை எழுதிப் போடுங்கக்கா" என்றாள். எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

சங்கரன்கோவிலில் மோட்டாரும் ஜெனரேட்டரும் விற்கிற அந்தக் கடையில் நான் சேர்ந்தது பில் போடத்தான். முதலாளி ஜெபமணி அண்ணாச்சி. ஊரில் கரண்டு போவதும் வருவதும் பெரிய விஷயமாக இருந்த காலம். தறிக்காரர்கள், கல்யாண மண்டபத்துக்காரர்கள், சிவகிரி ராயகிரிப் பக்கத்து விவசாயிகள் என்று கடையில் எப்போதும் ஆள் நிற்கும். எல்லாரிடமும் பேசுவதற்கு அண்ணாச்சி ஒருவரால் ஆகவில்லை. நானோ சும்மா இருக்கமாட்டாமல் வாயைக் கொடுக்கிறவள். வந்தவர்களிடம் பேசிப் பேசியே ஹெச்.பி. என்ன, கேவிஏ என்ன, கெபாசிட்டர் எதற்கு என்று கற்றுக்கொண்டேன். கொஞ்ச நாளில், "பில்லை யாரும் போடலாம். நீ என்கூட வீடு பாக்க வா பத்மா" என்று அண்ணாச்சி வண்டியில் ஏற்றிக்கொண்டார். என் படிப்பு அவ்வளவுதான்.

வீடு பார்ப்பது என்றால் பெண் பார்ப்பது மாதிரி. அண்ணாச்சி ஒரு வீட்டுக்கும் பார்க்காமல் ஜெனரேட்டர் விற்றதில்லை. முதலில் மோட்டார் தகட்டில் எழுதியிருப்பதைப் படிப்பார். படித்துவிட்டு நம்ப மாட்டார். இரண்டு தடவை காயில் கட்டிய மோட்டார் தகட்டில் இருப்பதைவிட அதிகமாகவே இழுக்கும் என்பார். பிறகு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து டாங் டெஸ்டரை ஒரு வயரில் மட்டும் மாட்டுவார். அது வயரைக் கவ்விக்கொண்டு எவ்வளவு கரண்டு ஓடுகிறது என்று காட்டும் கருவி. மோட்டாரைப் போடச் சொல்லி, போட்ட அந்த நொடியில் முள் எங்கே தாவுகிறது என்று பார்ப்பார். கிணற்று மோட்டார் ஓடும்போது சாதுவாக ஓடும். ஆனால் கிளம்புகிற அந்த ஒரு நொடி நாலு பங்கு, ஐந்து பங்கு கேட்கும். அந்த நொடிக்குத் தாங்குகிற மிஷினைத்தான் வாங்க வேண்டும். அதே நேரத்தில் நான் வீட்டுக்குள் நின்று எரிகிற பல்பு எவ்வளவு மங்குகிறது என்று பார்க்க வேண்டும். அப்படியே அந்த வீட்டு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்து, கரண்டு இல்லாதபோது மோட்டாரோடு மிக்ஸி, பிரிட்ஜ் என்று எதையெல்லாம் சேர்த்துப் போடுவார்கள் என்று கறந்துவிடுவதும் என் வேலை. ஆம்பிளைகள் ஒன்றுமே போடமாட்டோம் என்றுதான் சொல்வார்கள்.

ஜெனரேட்டர் கரண்டு தெருக்கம்பத்துக்கு ஏறிவிடாமல் வீட்டு லைனையும் ஜெனரேட்டர் லைனையும் பிரிக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் அண்ணாச்சி இணைப்புக் கொடுத்ததே இல்லை. அது எதற்குத் தண்டமாக என்று யாராவது கேட்டால், "கம்பத்துல ஏறி நிக்கவனுக்கும் பிள்ளைக்குட்டி உண்டும்லா" என்று மட்டும் சொல்வார். மிஷினை வீட்டுக்குள் வைக்கிறேன் என்று சொன்னவர்களைப் புகைக்குப் பயந்து வாசலோடு அனுப்பியதும் உண்டு. கடைசியாக அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. வாங்குகிறவர் தன் கையால் மிஷினை ஓட்டி, மோட்டாரைப் போட்டு, தண்ணீர் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வியாபாரம் முடிந்த கணக்கு.

அவரிடம் இன்னொரு குணம். யாருக்கும் இல்லை என்று சொல்ல மாட்டார். விற்கப் பிடிக்கவில்லை என்றால் எழுந்துபோய் அந்த மிஷின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திவிடுவார். போர்த்தினால் போர்த்தியதுதான். பிறகு கலெக்டரே வந்து கேட்டாலும் தார்ப்பாய் விலகாது. நாங்கள் கடையில் அதற்கு 'முக்காடு' என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் அது தெரியும்.

அப்படி முக்காடு வாங்கியவர்களில் ஒருவர்தான் தறிக்கார வேலுச்சாமி.

வேலுச்சாமிக்கும் அவர் தம்பி மாரிச்சாமிக்கும் பூர்வீக வீடு ஒன்று. பாகம் பிரித்தபோது வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்தார்கள். சுவர் கொல்லைப்புறம் போய்க் கிணற்றில் நின்றது. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கிணற்று வாய் மேல் குறுக்கே கல் உத்தரம் போட்டு, அதன் மேலேயே சுவரை எழுப்பிவிட்டார்கள். பாதிக் கிணறு அண்ணனுக்கு, பாதிக் கிணறு தம்பிக்கு. எங்கள் பக்கத்தில் இது புதுசில்லை. கிணற்றுக்குள் போர் போட்டு இறக்கிய மோட்டார் மட்டும் ஒன்றே ஒன்று. அதைப் பிளக்க வழியில்லை. காலையில் தம்பி முறை, சாயங்காலம் அண்ணன் முறை. ஸ்டார்ட்டர் பெட்டி தம்பி பக்கம் மாட்டிக்கொண்டது. கடிகாரம் பார்த்துத் தம்பி வீட்டில் மோட்டாரைப் போடுவார்கள், கடிகாரம் பார்த்து நிறுத்துவார்கள். பேச்சே தேவையில்லை. பல வருஷமாக அவர்கள் பேசவுமில்லை. சண்டை எதற்கு என்று கேட்டால் அண்ணன் ஒரு காரணம் சொல்வார், தம்பி ஒரு காரணம் சொல்வார். இரண்டுமே கேட்டுக்கொண்டிருக்கும்போது கொட்டாவி வருகிற காரணங்கள்.

நாங்கள் வீடு பார்த்தோம். டாங் டெஸ்டர் போட்டோம். "அஞ்சு கேவிஏ வேணும்" என்றார் எங்கள் அண்ணாச்சி. வேலுச்சாமி கடைக்கு வந்து உட்கார்ந்தார், காப்பி குடித்தார், ரொம்ப நிதானமாக ஆரம்பித்தார்.

"கிணத்துல பாதிதானே எனக்கு. பாதித் தண்ணிதான் எடுக்கேன். அஞ்சு எதுக்கு? ரெண்டரை போதும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனதார நம்பிச் சொன்னார். முழு கேவிஏ வாங்கினால் தம்பி பாதிக்கும் சேர்த்துத் தானே செலவழித்த மாதிரி ஆகிவிடும் என்பது அவர் நியாயம். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மேஜைக்கடியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது ரெண்டரை கேவிஏ மிஷினுக்கும், கூடவே ஐந்து கேவிஏ மிஷினுக்கும் முக்காடு விழுந்திருந்தது.

வேலுச்சாமி விடுவாரா? வெளியூர் போய் ரெண்டரை வாங்கிவந்தார். சுவருக்கு மேலே வயரைப் போட்டு ஓட்டினார். தம்பி வீட்டில் கடிகாரம் பார்த்து மோட்டாரைப் போட்டதும் மிஷின் ஒரு முக்கு முக்கிப் படுத்துவிட்டது. அண்ணன் ஜெனரேட்டர் வாங்கிவிட்டான் என்று தெரிந்ததும் தம்பி சும்மா இருக்கலாமா? அவரும் வெளியூர் போய், அதே ரெண்டரை, அதே நிறம். அதுவும் படுத்துவிட்டது. தம்பி மிஷினும் ஓடவில்லை என்று கேட்டதில் அண்ணனுக்குப் பாதிக் கவலை போயிற்று. தம்பிக்கும் அப்படியே. இரண்டு மிஷின்களும் சுவருக்கு இரண்டு பக்கமும் சாக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

இது வரைக்கும் சிரிக்கிற கதைதான். ஒரு நாள் வேலுச்சாமியின் சம்சாரம் கோமதி தனியாகக் கடைக்கு வந்தாள். வந்தவள் மிஷின் எதையும் பார்க்கவில்லை. நேரே என் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.

மகள் சங்கரிக்கு மாப்பிள்ளை அமைந்திருக்கிறது. வீட்டிலேயே நிச்சயம், வீட்டிலேயே சாப்பாடு. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்கள். பெண்ணின் சித்தப்பா ஒரே வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறாராமே, அவர் வருவார்தானே? கூடப்பிறந்தவனோடு ஒட்டாத வீட்டில் சம்பந்தம் செய்ய மாப்பிள்ளை வீட்டுப் பெரியவருக்கு யோசனையாம். வேலுச்சாமி அசராமல், வருவான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தம்பியிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது போதாதென்று நிச்சயத்தன்று மின்வாரியத்தில் பராமரிப்பு வேலை என்று பகல் முழுக்கக் கரண்டு இல்லை என அறிவித்துவிட்டார்கள். தண்ணீர் முறையோ சாயங்காலம். நகராட்சித் தண்ணீர் என்றைக்கு வரும் என்பது யாருக்கும் தெரியாது. அந்தச் சந்துக்குள் லாரி நுழையாது. நுழைந்தாலும் கிணறு இருக்கிற வீட்டில் லாரித் தண்ணீரா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வது?

"தண்ணியும் இல்லாம, சித்தப்பனும் இல்லாம இருந்தா அவுக தட்டைத் தூக்கிட்டுப் போயிருவாகக்கா. எம் பிள்ளைக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றாள் கோமதி.

உன் ஓரகத்தியிடம் சொல்லிப் பார்த்தாயா என்று கேட்டேன். கேட்டதும் அழுகை நின்று, முகத்தில் ஒரு கள்ளச்சிரிப்பு வந்தது. அப்போதுதான் அந்த வீட்டு ரகசியம் எனக்குத் தெரிந்தது. உத்தரத்துக்குக் கீழே கிணறு திறந்துதானே கிடக்கிறது? இந்தப் பக்கம் குனிந்து மெல்லப் பேசினால் அந்தப் பக்கம் அட்சரம் பிசகாமல் கேட்கும். ஆம்பிளைகள் தறிக்கூடத்துக்குப் போனதும் கோமதியும் தம்பி சம்சாரம் சண்முகத்தாயும் கிணற்றடியில்தான் குடித்தனம். வாளியில் குழம்பு போகும், வாளியில் முறுக்கு வரும். அண்ணன் தம்பி பேசாமலிருந்த அத்தனை வருஷமும் இவர்கள் இரண்டு பேரும் வாய் ஓயாமல் பேசியிருக்கிறார்கள்.

மறுநாள் நானும் போய்க் கிணற்றில் தலையை நீட்டினேன். மூன்று பேரும் பேசி முடிவு செய்தோம். சண்முகத்தாய் சொன்ன விஷயம்தான் முக்கியமானது. அவள் புருஷனுக்கு வர ஆசை இருக்கிறதாம். நிச்சயத்துக்கென்று புது வேட்டி சட்டைகூட எடுத்து வைத்திருக்கிறாராம். ஆனால் அண்ணன் வாயால் கூப்பிட வேண்டும். அவள் மூலமாகச் சொன்னால் எடுபடாது.

ஜெபமணி அண்ணாச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார். பிறகு எழுந்துபோய் ஐந்து கேவிஏ மிஷின் மேலிருந்த தார்ப்பாயை எடுத்தார். அவர் முக்காட்டை விலக்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மிஷின் அன்றே தயார். ஆனால் வேறு வழியில்லாமல் ஐந்துக்கே சம்மதித்து வந்த வேலுச்சாமியிடம், நிச்சயத்தன்று காலையில்தான் வரும் என்று சொல்லிவிட்டேன். முந்தின நாளே கொடுத்தால் தம்பியிடம் பேசாமல் தப்பிக்க வெளியாளை வைத்து ஏதாவது வழி கண்டுபிடித்துவிடுவார். எனக்கு அந்த மனுஷரைத் தெரியும்.

அன்று காலை தம்பி முறை முடிந்ததும் கரண்டு போனது. நாங்கள் வண்டியில் மிஷினோடு போய் இறங்கினோம். வாசலில் வாழை மரம், உள்ளே சொந்தக்காரர்கள், சமையல்காரர் அண்டாவைத் தட்டிக்கொண்டு தண்ணீர் எங்கே என்று நிற்கிறார். மேல்தொட்டியில் அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. கோமதி தாம்பூலத் தட்டை அம்மன் சன்னதியில் வைத்துக் கும்பிட்டு வருகிறேன் என்று கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். சண்முகத்தாயும் அதே நேரத்தில் ஏதோ நேர்த்திக்கடன் என்று கிளம்பிவிட்டாள். இரண்டு பேரும் தெருமுனையில் ஒரே ஆட்டோவில் ஏறியதை நான் பார்த்தேன். இனி அண்ணன் தம்பிக்கு நடுவில் தூது போக ஆளில்லை.

மிஷினை அண்ணன் பக்கத்துக் கொல்லையில் இறக்கினோம். வயரைச் சுவர் தாண்டி ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கொடுத்தோம். பெட்டியருகே மாரிச்சாமி நின்றார். பெட்டியை அடுத்தவன் கையில் விட மனமில்லாமல் நிற்கிறாராம். அவர் நிற்பார் என்று சண்முகத்தாய் ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

வேலுச்சாமிக்கு யோசனை வந்துவிட்டது. நீளமாக வயர் இழுத்து ஸ்டார்ட்டரை இந்தப் பக்கமே வைத்துவிடலாமே என்றார். நல்ல யோசனைதான். எங்கள் அண்ணாச்சி வண்டிக்குள் தேடிப்பார்த்துவிட்டு, அவ்வளவு வயர் இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார். வயர் சுருள் கொல்லையில்தான் இருந்தது. அதன் மேல் சேலையைப் பரத்திப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

மிஷின் கிளம்பியது. கிளம்பிய சத்தம் கேட்டதுமே அந்தப் பக்கம் மாரிச்சாமி பட்டென்று மோட்டாரைப் போட்டார். மிஷின் திணறி நின்றுவிட்டது. வேலுச்சாமிக்கு முகம் சிவந்தது. அண்ணாச்சி அவசரமே இல்லாமல் விளக்கினார். ஜெனரேட்டரை முதலில் தனியாக ஓடவிட வேண்டும். சத்தம் ஒரு சீருக்கு வந்த பிறகுதான் மோட்டாரைப் போட வேண்டும். அது மிஷின் பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் தெரியும். அவர் சொல்ல வேண்டும், அங்கே நிற்கிறவர் போட வேண்டும்.

அப்போ நீரே சொல்லும் என்றார் வேலுச்சாமி. அண்ணாச்சி தொண்டையைத் தொட்டுக் காட்டினார். காலையிலிருந்து கட்டிக்கொண்டதாம். வேலுச்சாமி என்னைப் பார்த்தார். நிச்சய வீட்டில் பொம்பளை நான் கத்தினால் நன்றாகவா இருக்கும் என்றேன். தினமும் கடையிலிருந்து எதிர்ச் சாரி டீக்கடைக்குக் கேட்கிற மாதிரி டீ சொல்கிறவள் நான். அது அவருக்கும் தெரியும். உள்ளே இருக்கிற சொந்தக்காரர்கள் யாரையாவது கூப்பிடலாம். கூப்பிட்டால் அண்ணன் தம்பி லட்சணம் அத்தனை பேருக்கும் தெரிந்துபோகும். மாப்பிள்ளை வீட்டார் வேன் புளியங்குடி தாண்டிவிட்டதாக உள்ளேயிருந்து யாரோ சொன்னார்கள்.

மறுபடியும் மிஷினை ஓட்டினோம். சத்தம் சீராகியது. வேலுச்சாமி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனுஷருக்கு வேர்த்துக் கொட்டியது.

"போடு" என்றார் கடைசியில்.

அந்தப் பக்கம் அசைவே இல்லை.

"போடுன்னு சொன்னேம்லா?"

"யாருகிட்ட சொல்லுதிய?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "ஆளுக்குப் பேரு இல்லையா?"

எங்கள் அண்ணாச்சி வானத்தைப் பார்த்தார். நான் வயர்ச்சுருள் மேல் நெளியாமல் உட்கார்ந்திருந்தேன். தட்டைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப் போகிற காட்சி எனக்கே கண்முன் வந்துவிட்டது. ரொம்ப விளையாடிவிட்டோமோ என்று பட்டது. உள்ளே ஜன்னலோரம் சங்கரி பட்டுச்சேலையோடு நின்று அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலுச்சாமி திரும்பி மகளைப் பார்த்தார். அப்புறம் சுவரைப் பார்த்தார்.

"ஏலே மாரி" என்றார். "போடுலே."

பெட்டிக்குள் டக்கென்று சத்தம். மிஷின் ஒரு நொடி குரல் இறங்கியது, பிறகு நிமிர்ந்துகொண்டது. குழாய் உறுமியது. மேல்தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கீழே எங்களுக்குக் கேட்டது. சமையல்காரர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"தண்ணி வருதாண்ணே?" என்று அந்தப் பக்கமிருந்து கேட்டார் மாரிச்சாமி.

வேலுச்சாமி துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அண்ணாச்சிதான் அவர் முதுகில் தட்டினார்.

"வருதுலே" என்றார் ஒருவழியாக. "நீ குளிச்சு வேட்டிய மாத்திட்டு வா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டு இருக்காங்க. நீதாம்லே தட்டு மாத்தணும்."

அந்தப் பக்கம் மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். வயர்ச்சுருளை வேலுச்சாமி பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். கோயிலுக்குப் போன இரண்டு பேரும் திரும்பி வந்து, இந்த முறை ஆளுக்கொரு வாசலுக்குப் பிரியாமல், ஒரே வாசல் வழியாக உள்ளே நுழைந்தார்கள்.

தொட்டி நிறைந்தது. நிறைந்து வழிய ஆரம்பித்தது. மாடியிலிருந்து தண்ணீர் கொல்லையில் கொட்டியது, எங்கள் காலெல்லாம் நனைந்தது. டீசலைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்க்கிற ஜெபமணி அண்ணாச்சிகூடக் கம்மென்று நின்றார்.

"அண்ணே, தொட்டி வழியுது. நிறுத்தட்டா?" என்று கேட்டார் மாரிச்சாமி.

வேலுச்சாமி சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்ச நேரம் ஓடட்டும்லே" என்றார்.